தண்ணி கேட்காத பேட்டரி

தோப்புக்குள் காய் ஏற்ற மாமா ஒரு கரன்ட் வண்டி செய்தார். பழைய ஆட்டோவின் பின் ஆக்ஸில், பொள்ளாச்சிப் பட்டறையில் வெல்டு அடித்த சேஸிஸ், ஈ-ரிக்‌ஷாவுக்கு வரும் மோட்டார், கன்ட்ரோலர். கரன்ட் கொடுக்க 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரிகள் நான்கு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 கிலோ. ஒரு தேங்காய்கூட ஏற்றுவதற்கு முன்பே வண்டி 120 கிலோவைச் சுமந்துகொண்டிருந்தது.

ஈயம் ஆள் கேட்கும். நான்கு பேட்டரிக்கும் சேர்த்து 24 மூடிகள். ஒவ்வொன்றையும் கழற்றி, டார்ச் அடித்து, பிளேட் மூழ்கியிருக்கிறதா என்று பார்த்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். ஹைட்ரோமீட்டரில் உறிஞ்சினால் முழுச் சார்ஜில் 1.280 காட்டும், ஓடி முடித்தால் 1.150க்குப் பக்கத்தில் நிற்கும். டெர்மினலில் பூக்கிற வெள்ளைப் பொருக்கைச் சோடா உப்புப் போட்ட சுடுதண்ணீரால் கழுவி வாஸ்லின் தடவ வேண்டும். ஆசிட் துளி பட்ட இடமெல்லாம் மாமாவின் வேட்டி துவைத்த பிறகு சல்லடையாகிவிடும். எவ்வளவு நேரமானாலும் சார்ஜ் போடாமல் அவர் படுக்கப் போனதில்லை. இறங்கிய சார்ஜோடு கிடந்தால் பிளேட்டில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாக உட்கார்ந்துவிடும், பிறகு எந்தச் சார்ஜருக்கும் அது கரையாது என்பதை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

அந்த 100 ஆம்பியர்-ஹவர் கணக்கே ஒரு நிபந்தனையோடுதான் வருகிறது. 20 மணி நேரம் மெல்ல மெல்ல, 5 ஆம்பியராக எடுத்தால்தான் 100. வாய்க்கால் மேட்டில் பாரத்தோடு ஏறும்போது வண்டி இழுப்பது அதைப் போலப் பல மடங்கு. வேகமாக இழுக்க இழுக்க ஈய பேட்டரி கொடுக்கும் மொத்தமும் குறையும் என்பதை 1897இலேயே பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் சூத்திரமாக எழுதிவிட்டார். பாதிக்கு மேல் தினமும் காலி செய்தால் ஆயுளும் போய்விடும். ஆக, சுமந்தது 120 கிலோ. நிம்மதியாக எடுத்தது பாதி.

ஆனால் ஈயம் சொல்லிவிட்டுத்தான் ஓயும். சார்ஜ் இறங்க இறங்க வோல்ட் இறங்கும், வண்டி தளரும், மேட்டில் மோட்டார் சத்தம் மாறும். மாமாவுக்கு அந்தச் சத்தமே மீட்டர். "காய எறக்கிப்போட்டு வூட்டுக்கு ஓட்டு மாப்ள, இன்னொரு நடை தாங்காது" என்பார். அவர் சொன்னால் சரியாகவே இருக்கும்.

லித்தியத்துக்கு மாறியபோது நாங்கள் எடுத்தது லித்தியம் இரும்பு பாஸ்பேட். 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் செல்கள் 16. வரிசையாகக் கோத்தால் 51.2 வோல்ட், பழைய கன்ட்ரோலரே போதும். ஒரு செல் சுமார் 2 கிலோ, பெட்டியோடு சேர்த்தாலும் 40 கிலோதான். இந்த ரகத்தில் பாஸ்பேட் ஆக்சிஜனை இறுகப் பிடித்து வைத்திருக்கிறது. சூடேறினாலும் அதை எளிதில் விடாது. மற்ற ரகங்களைவிட இது தீப்பற்றத் தயங்குவதற்குக் காரணம் அதுதான். இந்த வகைப் பொருள்களுக்கு அடித்தளம் போட்ட ஆய்வை 1980களில் ஜான் குடெனஃபோடு சேர்ந்து செய்தவர் ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டு கிராமத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2019இல் குடெனஃபுக்கு நோபல் கிடைத்தபோது ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் உரை நிகழ்த்தியதும் இவரே. எங்கள் பெட்டிக்குள் நம் ஊர்க்காரர் ஒருவரின் உழைப்பும் இருக்கிறது என்று மாமாவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன்.

மாற்றுகிற வேலை பேட்டரியைத் தூக்கி வைப்பதோடு முடிவதில்லை. முதலில் 16 செல்லையும் பேரலலாக ஒன்றோடொன்று இணைத்து, எல்லாம் 3.65 வோல்ட்டுக்கு வரும்வரை மெதுவாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். இதில் அவசரப்பட்டவர்கள் பின்னால் ஒரு செல் முந்தி, ஒரு செல் பிந்தி அவதிப்படுவார்கள். ஸ்பேனருக்குக் கைப்பிடிவரை இன்சுலேஷன் டேப் சுற்றினோம். இரண்டு பஸ்பாருக்கு நடுவே வெறும் ஸ்பேனர் விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து இரும்பு பழுத்துவிடும். பிறகு பி.எம்.எஸ். ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கிற பலகை அது. மெல்லிய ஒயர்கள் 17. வரிசை ஒன்று மாறினாலும் பலகை கருகும். கன்ட்ரோலரோடு இணைத்தபோது அதன் கெபாசிட்டர்கள் ஒரே மூச்சில் கரன்டை இழுத்தன, பி.எம்.எஸ். அதை ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு உடனே அணைத்துவிட்டது. நடுவே ஒரு ரெசிஸ்டர் வைத்து முதலில் கெபாசிட்டரை நிரப்பியபின் ஒழுங்காக வேலை செய்தது.

சார்ஜரையும் மாற்றினோம். பழையது 57.6 வோல்ட், புதியது 58.4. எண்ணில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஈயச் சார்ஜர், பேட்டரி நிறைந்த பிறகும் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும். இந்தச் செல்லுக்கு அது ஆகாது. பி.எம்.எஸ். தடுத்துவிடும் என்று பழைய சார்ஜரையே மாட்டுகிறார்கள் சிலர். கடைசிக் காவலை அன்றாட சுவிட்சாக வைத்துக்கொள்வது எனக்குச் சம்மதமில்லை.

யாரும் எதிர்பாராத இடத்திலும் கை வைக்க வேண்டியிருந்தது. 80 கிலோ குறைந்ததும் வண்டியின் பின்பக்கம் துள்ள ஆரம்பித்தது. வரப்பில் ஏறி இறங்கினால் காய் வெளியே சிதறும். பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கழற்றிய பிறகே அடங்கியது.

பராமரிப்பு ஓய்ந்தது. மூடி இல்லை, தண்ணி இல்லை, ஆசிட் இல்லை. மூன்று நான்கு மணி நேரத்தில் சார்ஜ் நிறைகிறது. முன்பு சில நூறு சார்ஜில் செத்த இடத்தில் இப்போது 2000க்கு மேல் தாங்கும் செல்கள். ஆனால் வண்டி பேசுவதை நிறுத்திவிட்டது. முக்கால்வாசியிலும் கால்வாசியிலும் இந்தச் செல்லின் வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே வேகம், அதே சத்தம், பிறகு பி.எம்.எஸ். ஒரே வெட்டாக வெட்டும். அதனால் உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்ததையும் எண்ணுகிற ஷன்ட் மீட்டர் ஒன்று வைத்தோம்.

"ஏனுங் மாமா, மீட்டரப் பாத்து ஓட்டுங்க."

"மீட்டர் சொல்றது சரி மாப்ள. வண்டி ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குதே."

மாறியது தப்பு என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அவ்வளவு காலம் பழகிய காதுக்கு ஒரே நாளில் வேலை இல்லாமல் போவது சின்ன விஷயம் இல்லை.

பழைய பேட்டரியைப் பற்றிக் கடையில் கேட்டபோது, "பழசக் கொண்டாங்க, எடைக்குப் போட்டுக் கழிச்சுக்கலாம்" என்றார்கள். செத்த ஈயத்துக்கும் விலை உண்டு. அந்த விலைதான் அதைக் கள்ளத்தனமான உருக்கு உலைகளுக்கும் கொண்டுபோகிறது. ஈயப்புகை முதலில் கெடுப்பது பக்கத்தில் விளையாடும் பிள்ளைகளின் மூளையை. பழையதை விற்பனையாளர் போன்ற முறையான வழிகளில்தான் திருப்ப வேண்டும் என்று 2001இலேயே விதி வந்தது. நாங்கள் ரசீது வாங்கித்தான் கொடுத்தோம்.

எங்கள் லித்தியம் செல்லில் கோபால்ட்டும் இல்லை, நிக்கலும் இல்லை. விலை குறைவாக இருப்பதற்கு அது ஒரு காரணம். அதனாலேயே செத்த பிறகு எடைக்கு எடுக்க ஆசைப்பட்டு யாரும் வரமாட்டார்கள். 2022 விதிகள் அந்தப் பொறுப்பைத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் தலையில் வைக்கின்றன. சில்லறையில் செல் வாங்கி வீட்டில் கோத்தவர்களுக்கு அந்தத் தயாரிப்பாளர் யார், எந்தக் கதவைத் தட்டுவது? செல் விற்கிறவர் பில்லிலேயே, திருப்பிக் கொடுக்க வேண்டிய இடத்தை எழுதித் தர வேண்டும். அடுத்த முறை அது எழுதாத பில்லுக்கு நான் பணம் கொடுக்கப்போவதில்லை.