சிஸ்டம் சார்

திருப்பூரில் கொஞ்சம் பழைய பனியன் கம்பெனி ஆபீஸ் எதற்குள் நுழைந்தாலும் ஒரு சிஸ்டம் சார் இருப்பார். சேர்ந்தது என்னவோ கணக்கு எழுதத்தான். என்றைக்கோ மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் டெலிவரி சலானுக்கென்று ஒரு டேபிள் போட்டார். அதில் நூல், டையிங், கட்டிங் எல்லாம் வந்து ஒட்டிக்கொண்டு, இப்போது கம்பெனியே அந்த ஒரு ஃபைலில்தான் ஓடுகிறது.

"அண்ணா, ரீட் ஒன்லின்னு வருதுங்ணா. என்ட்ரி போட முடியல."

எழுந்திருக்க மாட்டார். "நேத்து எதைத் தொட்ட?" என்பார். அவர் அகராதியில் ஃபைல் தானாகக் கெடாது, ஆள்தான் கெடுப்பான்.

உண்மையில் கேட்டு வந்த பெண் எதையும் தொட்டிருக்க மாட்டாள். ஆக்சஸ் ஃபைலைத் திறந்ததும் அதே ஃபோல்டரில் ஒரு பூட்டு ஃபைல் உருவாகும். பழைய எம்டிபி என்றால் எல்டிபி, 2007-இல் வந்த ஏசிசிடிபி என்றால் எல்ஏசிசிடிபி. கடைசி ஆள் வெளியேறும்போது அது அழிய வேண்டும். ஆக, ஃபைலுக்கு மட்டும் உரிமை கொடுத்தால் போதாது. ஃபோல்டரில் புதிதாக உருவாக்கவும் அழிக்கவும் உரிமை வேண்டும். அதிலும் ஷேரில் ஒரு பர்மிஷன், என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு பர்மிஷன். இரண்டில் எது குறைச்சலோ அதுதான் செல்லும்.

இதெல்லாம் சாருக்கு அத்துப்படி. ஆனாலும் வைத்தியம் ஒன்றுதான். மானிட்டரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா." ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, எவ்ரிஒன், ஃபுல் கண்ட்ரோல். பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்கு மட்டும் ஸ்பெஷலா ஒரு பர்மிஷன் போட்டிருக்கேன், வெளிய சொல்லாத." ஆபீஸில் அத்தனை பேரும் இந்த ரகசியத்தைக் காப்பாற்றி வருகிறார்கள்.

சாருக்கு ஒரே ஒரு மனக்குறை உண்டு. ஏசிசிடிபி வந்தபோது அந்த வடிவத்தில் யூசர் லெவல் செக்யூரிட்டியை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. யார் எந்த ஃபாரத்தைப் பார்க்கலாம் என்று ஆளாளுக்கு அளந்து கொடுத்த காலம் அதோடு போயிற்று. இப்போது பூட்டு ஃபைலை நோட்பேடில் திறந்தால் கம்ப்யூட்டர் பெயருக்குப் பக்கத்தில் வரிசையாக அட்மின், அட்மின், அட்மின். பேக்கிங் செக்‌ஷன் பையனும் அட்மின். சாரும் அட்மின். இதைப் பார்க்கிற நாளில் அவர் டீ குடிப்பதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் காம்பேக்ட் அண்ட் ரிப்பேர். ஒருவர் உள்ளே இருந்தாலும் நடக்காது. ஃபைலோ 2 ஜிபி வரம்பை நெருங்கிக்கொண்டிருக்கிறது. "எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்துவார். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட்டுக்கே போய்விட்டான்.

அப்புறமும் பூட்டு ஃபைல் போகாது. ஒவ்வொரு கம்ப்யூட்டராகப் போய்ப் பார்ப்பார். மிச்சம் ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஓனர் ரூமில். எட்டிப் பார்ப்பார். ஆக்சஸ் கீழே மினிமைஸ் ஆகிக் கிடக்கும். மேலே சீட்டாட்டம் நடந்துகொண்டிருக்கும். பூனை மாதிரி திரும்பி வருவார்.

"இந்த வாரம் வேண்டாம்ப்பா. சர்வர் கொஞ்சம் சூடா இருக்கு."