சக்கரக் காலில் ஒரு மாரத்தான்

கேள்வி: ஸ்கேட்டிங்கில் தமிழர் ஒருவர் உலகச் சாம்பியன் ஆகியிருக்கிறாராமே, அவர் குறுந்தூரத்தில் வல்லவரா, நெடுந்தூரத்தில் வல்லவரா?
– வாசகர், மறையூர்

பதில்: இரண்டிலும் வல்லவர். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார், 2021இல் கொலம்பியாவில் நடந்த உலகப் போட்டியின் இளையோர் பிரிவில், கடைசியில் வருபவரை அவ்வப்போது வெளியேற்றிக்கொண்டே செல்லும் 15 கி.மீ. 'எலிமினேஷன்' பந்தயத்தில் வெள்ளி வென்று, ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் ரிலே அணியுடன் வெண்கலமும் பெற்றபின், 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் 1,000 மீட்டரை 1 நிமிடம் 24.924 விநாடியில் கடந்து, இவ்விளையாட்டில் இந்தியாவின் முதல் உலகச் சாம்பியன் ஆனார். ஒரே வரிசையில் சக்கரங்கள் பூட்டிய 'இன்லைன்' காலணியோடு, வளைவுகளில் வலக்காலை இடக்காலின் குறுக்கே எடுத்து வைத்து உந்தியபடி, மணிக்குச் சராசரியாக 42 கி.மீ. வேகத்தில் அவர் பாய்ந்தார் என்பது அக்கணக்கின் பொருள். அதே போட்டித் தொடரில் 42 கி.மீ. மாரத்தானிலும் அவரே தங்கம் வென்றார்; மூணாறிலிருந்து மறையூர் ஏறக்குறைய அவ்வளவு தொலைவுதான். நொடியில் வெடித்துப் பாயும் தசையும் நெடுநேரம் தளராத மூச்சும் ஓருடலில் கூடுவது அரிது என்பதால், இவ்விரட்டைத் தங்கமே அவருடைய சாதனைகளில் தலையாயது. இத்தகைய பந்தயத்துக்கு ஒலிம்பிக்கில் இன்னும் இடமில்லாதது பெருங்குறை.