பெட்டிக்குக் காசு, படம் இனாம்

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, "சமையல் மக்கள் சொத்து" என்று கைகழுவிக்கொண்டு நடக்க யாருக்கும் துணிச்சல் வராது. தே தாரேக்குக்கும் கணக்கு உண்டு. படம் மட்டும் வானத்திலிருந்து விழுந்ததாம்; வெளியான அன்றே லிங்க் வந்தாக வேண்டும். அந்த இலவசத்துக்கும் நாம் செலவழிக்கிறோம்: ஆண்ட்ராய்டு பெட்டிக்கு, இணையத்துக்கு, பெட்டி கெட்டால் சரிசெய்பவருக்கு. எடுத்தவரைத் தவிர எல்லாருக்கும் படியளக்கிறோம். 2022இல் திருத்திய மலேசியப் பதிப்புரிமைச் சட்டம், திருட்டு ஒளிபரப்புக் கருவி விற்பவருக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை என்கிறது. பெட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

சந்தா விலை அதிகம் என்பார்கள், உண்மைதான். கலை எல்லாருக்கும் பொது, பாரதியையே நாட்டுடைமை ஆக்கவில்லையா என்பார்கள். ஆக்கினார்கள்; சென்னை அரசு அவர் குடும்பத்துக்குப் பணம் கொடுத்து ஆக்கியது. அந்த வரியை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை. நம்மூர்த் தமிழ்ப் படம் 'ஜகாட்' 2016இல் சிறந்த மலேசியப் படமென்று விருது வாங்கியபோது கிள்ளான்வரை நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த உள்ளூர்ப் படத்துக்கு, நிமிர்ந்த நெஞ்சோடு கொஞ்சம் பர்ஸையும் திறங்கள், ஐயா.