சனவரி நாட்குறிப்பாளர்

நாட்குறிப்பாளர் என்னும் சொல், அன்றாடம் நடந்ததையும் மனத்தில் பட்டதையும் தேதியிட்டு எழுதி வைப்பவரைக் குறிக்கும். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் வகையினரோ எழுதப் போவதாக அறிவிப்பவர்கள் என்பதால், அவர்களைச் சனவரி நாட்குறிப்பாளர் என்று தனியே பிரித்து வழங்குவதே முறை. இவர் ஓய்வுபெற்ற ஆசிரியராகவோ, சிமெண்ட் ஆலை ஊழியராகவோ, செட்டிகுளம் பக்கத்து வெங்காய விவசாயியாகவோ இருக்கலாம். எத்தொழிலினராயினும் டிசம்பர் கடைசி வாரத்தில் வங்கி, நகைக்கடை, உரக்கடை என்று ஒன்று விடாமல் நலம் விசாரித்து வருவார். காசு கொடுத்து டைரி வாங்கியவர் இவ்வகையில் எவரும் இலர்.

எழுதினால் மனப்பாரம் குறையும் என்பது இவர் எங்கோ கேள்விப்பட்டது, அது பொய்யுமன்று. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர், சாண்ட்ரா பீல் என்பவருடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் வீதம் எழுதினார்கள். தம்மை உலுக்கிய நிகழ்ச்சியையும் அதனால் எழுந்த உணர்ச்சியையும் ஒருங்கே எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைந்தது. எழுதி முடித்த கையோடு அவர்களுடைய மனம் முன்னிலும் கனத்திருந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவே. இவற்றுள் நம்மவருக்குப் பிடித்தது 4 நாள் என்ற கணக்கு ஒன்றுதான்.

சனவரி 1ஆம் தேதி மாலை முழுதும் முதற்பக்கத்து விவரங்களை நிரப்புவதிலேயே கழிகிறது. இரத்த வகையைப் பற்றி வீட்டில் எழும் சர்ச்சை ஓய்ந்து, ராகு காலம், எமகண்டம், அரசு விடுமுறை ஆகிய பட்டியல்களைப் படித்து, ஞாயிற்றுக்கிழமையில் வந்து வீணாகும் விடுமுறைகளுக்காக வருந்திய பின்னரே எழுத்து தொடங்குகிறது: “எழுந்தது 5.10. கோயில். வெண்பொங்கல். மனம் அமைதி.” 2ஆம் தேதிப் பக்கத்தில் “மேற்படி” என்ற ஒரே சொல். ஆவண எழுத்தர்கள் கையாளும் இச்சொல், முன் சொன்னதே இங்கும் பொருந்தும் என்று குறிப்பது; மன அமைதியையும் அவ்வாறே பத்திரம் பண்ணிக்கொள்ளலாம் என்பது இவருடைய துணிபு.

இடர் வருவது 3ஆம் தேதி. மனத்தில் உள்ளதை உள்ளபடி எழுதத் துணிந்தால், பூட்டும் சாவியும் இல்லாத வீட்டில் டைரியை வைக்க இடமில்லை. எனவே பெரிய மச்சான் வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தராத மனக்குறையை, ‘பெ.ம.’ என்ற மறைகுறியீட்டுடன், அதாவது உரியவருக்கு மட்டும் விளங்கும் சுருக்கெழுத்துடன், எழுதி வைக்கிறார். காபி கொண்டு வந்த மனைவி அந்தப் பக்கத்தைப் பார்க்கிறார். “பெ.ம.ங்கறது எங்க அண்ணந்தானுங்களே?” என்கிறார். 4ஆம் தேதிப் பக்கத்தில் வானிலை மட்டுமே உண்டு. 5ஆம் தேதி வெறுமை.

எவரேனும் இதைக் குறையாகச் சுட்டினால் இவர் தம் மாவட்டத்தையே சான்றுக்கு அழைப்பார். பெரம்பலூரிலிருந்து பிரிந்து 2001 சனவரி 1 அன்று, டைரி தொடங்கும் அதே நன்னாளில், தொடங்கப்பட்ட அரியலூர் மாவட்டம், 2002 மார்ச் 31 அன்று மீண்டும் பெரம்பலூருடனேயே சேர்க்கப்பட்டு, 2007 நவம்பர் 23 அன்று மறுபடி தனி மாவட்டமாயிற்று. அரசாங்கமே அப்படி என்றால் தனி மனிதனைப் பற்றிப் பேசுவானேன் என்பது இவருடைய வாதம். இதற்கு விடை இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றியும் இவர் பெருமை பேசுவார். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவிடம் துபாஷியாக, அதாவது இருமொழி அறிந்த இடையாளராக, இருந்த பிள்ளை 1736இல் தொடங்கி 1761இல் இறக்கும் காலம் வரை நாட்குறிப்பு எழுதியவர். அவர் பிறந்த பெரம்பூரைப் பெரம்பலூர் என்று படித்துவிட்ட நம்மவர், ‘எங்கள் ஊர்க்காரர்’ என்றே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அது சென்னைப் பெரம்பூர் என்று திருத்தியவருடன் இன்றளவும் பேச்சு இல்லை. கப்பல் வரவு, சரக்கு விலை, ஆளுநர் மாளிகை வம்பு எல்லாம் கலந்து கிடப்பதுதான் பிள்ளையின் குறிப்பு என்பதை மட்டும் இவர் கவனித்ததில்லை.

கவனித்திருந்தால், தம் டைரி 5ஆம் தேதியோடு நின்றுவிடவில்லை என்பது தெரிந்திருக்கும். பால் கணக்கு, மொய்க் கணக்கு, பட்டறையில் இட்ட வெங்காயம் அழுகியது, வியாபாரி கேட்ட அடிமாட்டு விலை என்று, தேதிக்குக் கட்டுப்படாமல் பின்னட்டை வரை அது நிரம்பியே இருக்கிறது. மக்காச்சோளத்தைப் படைப்புழு அரித்த 2018ஆம் ஆண்டு டைரியில், மருந்து வாங்கிய கணக்குக்குக் கீழே, “விதைக் காசும் தேறவில்லை” என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு இட்டிருக்கிறார். உணர்ச்சியையும் நிகழ்ச்சியையும் சேர்த்து எழுதுவது என்று பென்னபேக்கர் சொன்னதற்கு இவர் டைரிகளில் இதைவிடப் பொருத்தமான வரி கிடையாது. அந்தப் பக்கத்தைப் பார்த்த அன்று மனைவி ஒன்றும் கேட்கவில்லை.

வருகிற ஆண்டு டைரிக்கு உரக்கடையில் இப்போதே சொல்லி வைத்தாயிற்று.