நெல்லியடிச் சந்தியில் ஒரு பொய்க் கொம்பியூட்டர்

அந்தியேட்டிக்குக் கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகம் அடிக்கிறவனுக்குத் தவணை கிடையாது. கலியாணக் கார்ட் பிந்தினால் பெண் வீட்டார் ஏசுவார்கள், அவ்வளவுதான். அந்தியேட்டி 31ஆம் நாள் என்றால் 31ஆம் நாள்தான். போன ஆள் எங்களுக்காக ஒருநாள் கூடுதலாகக் காத்திருக்க மாட்டார். தேவாரம், வம்சாவழி, நன்றி நவிலல் என்று இந்தப் பகுதியின் அரைவாசிப் பேருடைய சரித்திரம், சந்திக்குக் கிட்ட உள்ள என் கடையின் ஒரேயொரு லப்டொப்புக்குள் பேஜ்மேக்கரிலும் பாமினி எழுத்திலும் கிடக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். அதை வெளியிட்ட அடோபி அதை எப்போதோ கைவிட்டுவிட்டது. நான் விடவில்லை.

இந்த லப்டொப்பில்தான் லினக்ஸ் போட வேண்டும் என்று தங்கச்சியின் மகன் ஒற்றைக்காலில் நின்றான். உயர்தரச் சோதனை முடிந்து ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிற பெடியனுக்கு நேரம் கனக்க இருக்கும். அது மற்றவர்களுக்குத்தான் ஆபத்து.

"மாமா, உங்கட விண்டோசை நான் தொடமாட்டன். அதுக்குள்ள ஒரு பொய்க் கொம்பியூட்டர் செய்வன். லினக்ஸ் அதுக்குள்ள இருக்கும்."

"பொய்யெண்டால் என்னத்துக்கடா அது?"

"பொய்யெண்டு அதுக்குத் தெரியாது மாமா."

அவன் சொன்னது புதினமான விசயமில்லையாம். அறை நிறைய இருந்த ஒரே மெசினைப் பல பேருக்கும் ஆளுக்கொரு மெசின் போலக் காட்டுகிற வித்தையை ஐபிஎம் 1960களிலேயே பழகி, 1972இல் விஎம்/370 என்று வெளியிட்டும்விட்டது. பொய்க் கொம்பியூட்டர் செய்ய இவன் இறக்கி வைத்திருந்த வேர்ச்சுவல்பொக்ஸ், ஜெர்மனியில் இன்னோரெக் என்ற கம்பனி செய்தது. 2008இல் சண் கம்பனி வாங்க, 2010இல் சண்ணையே ஓரக்கிள் வாங்கியது. இவ்வளவு கைமாறிய காணி எங்கள் பக்கத்தில் என்றால் உறுதி பார்க்கவே ஒரு சட்டத்தரணி வேண்டும்.

உள்ளே இருக்கிற லினக்ஸின் நிலைமையை எனக்கு விளங்கிய விதத்தில் சொல்கிறேன். மகளுக்கு வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு அதே வீட்டின் முன் அறையில் இருக்கிற தகப்பனைப் பார்த்திருப்பீர்கள். எந்த மாமரத்தைத் தறிக்கலாம், எந்த வேலியை அடைக்கலாம் என்று விடிந்தால் பொழுதுபட்டால் உத்தரவு போட்டபடி இருப்பார். வீடு தன்னுடையது அல்ல என்பதை அவருக்கு ஒருவரும் ஞாபகப்படுத்துவதில்லை. லினக்ஸும் அப்படியே. லப்டொப்பின் எட்டு ஜிபி ராமில் நாலைக் கொடுத்து, டிஸ்க் என்று ஒரு கோப்பைக் காட்டி வைத்தால், முழு மெசினும் தன்னுடையது என்று உத்தரவு போடத் தொடங்கிவிடும்.

முதலில் பயோசுக்குள் போய் விரி-எக்ஸ் என்ற ஒன்றைத் திறந்துவிட வேண்டியிருந்தது. அது மூடியிருந்தால் வேர்ச்சுவல்பொக்ஸ் அசையாது. அந்த நீல நிறத் திரை தெரிந்த நேரம் முழுக்க நான் வீதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதிய வேர்ச்சுவல்பொக்ஸ், கேள்வி ஒன்றும் கேட்காமல் தானே எல்லாவற்றையும் போட்டு முடிக்கிறேன் என்று சொல்லும். மருமகன் நம்பி விட்டுவிட்டான். சிநேகிதனிடம் பென் ட்ரைவில் வாங்கி வந்த உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் நல்லபடியாக வந்து இறங்கியது. ஆனால் அவன் சூடோ என்று தொடங்கி முதல் கட்டளையை அடித்ததும், அதிகாரம் உள்ளவர்களின் பட்டியலில் உன் பெயர் இல்லை, இந்தச் சம்பவம் அறிவிக்கப்படும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து நின்றது.

சாப்பாடு கொண்டுவந்த தங்கச்சி அதை வாசித்துவிட்டுப் பார்சலை மேசையில் வைக்கவில்லை. "ஆருக்கு அறிவிக்கப் போகுதாம்?" என்று கேட்டாள். வடமராட்சியில் 80களையும் 90களையும் கண்ட மனுசி. பட்டியல், பெயர், அறிவித்தல் என்ற மூன்றும் ஒரே வரியில் வந்தால் அவளுக்குச் சோறு இறங்காது. அந்த முறைப்பாடு அதே பொய் மெசினுக்குள் உள்ள ஒரு பதிவேட்டுக்குத்தான் போகும், அதை வாசிக்க ஒரு சீவனும் இல்லை என்று பெடியன் விளக்கினான். எங்கள் பல முறைப்பாடுகளும் அப்படித்தான் என்று நான் சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

அந்த உபுண்டுவை அழித்துவிட்டு, இந்தமுறை கேள்வி கேட்கிற வழியில் தொடங்கினான். அன்றைக்கு 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. டிஸ்கை முழுதாக அழித்து உபுண்டுவைப் போடுவதா என்று திரை கேட்டது. கீழே, உங்கள் எல்லா இயங்குதளங்களிலும் உள்ள ஆவணம், படம், பாட்டு அனைத்தும் அழியும் என்று ஒரு எச்சரிக்கை. மூன்று கல்வெட்டு ஓடரும் ஒரு பூப்புனித நீராட்டு விழா அல்பமும் என் கண்ணுக்கு முன்னால் வந்து போயின. "மாமா, அது சொல்லுற டிஸ்க் அந்தக் கோப்பு மட்டும்தான்" என்று சொல்லி அவன் அமத்திவிட்டான். கோப்புகள் கொப்பியாகத் தொடங்கின. பதினொன்றரை மணியளவில் கறண்ட் போனது.

எங்களுக்கு மட்டும் போகவில்லை, நாடு முழுக்கப் போனது. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் முட்டிவிட்டது என்று அமைச்சர் குமார ஜயக்கொடி சொன்னார். லப்டொப்பின் பற்றரி செத்துக் கனகாலம் என்பதால், தென்னிலங்கையில் ஒரு குரங்கு போட்ட துள்ளலில் நெல்லியடியில் ஒரு லினக்ஸ் பிறக்க முன்னமே போய்விட்டது. பின்னேரம் கறண்ட் வந்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பேஜ்மேக்கரைத் திறந்தேன். கல்வெட்டு மூன்றும் இருந்தபடியே இருந்தன. நொருங்கியது அந்தப் பொய் டிஸ்க் மட்டும்தான். அந்த நிமிசத்தில்தான் பெடியன் சொல்வதை நம்பத் தொடங்கினேன்.

மறுபடி போட்டபோது, எந்த ஊர் நேரம் என்று அது கேட்டது. கொழும்பு என்று கொடுத்தான். ஒரு கட்டளையை அடித்து, இலங்கையின் நேரம் எப்போதெல்லாம் மாறியது என்று காட்டினான் பாருங்கள், கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். நாட்டில் மழையில்லாமல் மின்சாரத் தட்டுப்பாடு வந்த 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். மற்ற அரை மணித்தியாலம் 2006 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. பழைய நேரமோ புது நேரமோ என்று கேட்காமல் அந்தப் பத்து வருசத்தில் யாரும் முகூர்த்தம் குறித்ததில்லை. 2003இல் பிறந்த பிள்ளைக்கு இன்றைக்கும் சாதகம் பார்க்கிறவர் அரை மணியைக் கழித்துத்தான் லக்கினம் பிடிக்க வேண்டும். சாதகம் ரைப் செய்து கொடுக்கிற எனக்கு இது தொழில் விசயம். பொய் மெசினுக்குள் இருக்கிற அந்நியன் ஒருவன் திகதியோடு இதை வைத்திருக்கிறான்!

பிறகு மருமகன் செய்த வேலையை விண்டோசில் செய்திருந்தால் அவனைக் கடைப் பக்கமே விட்டிருக்க மாட்டேன். ஸ்னாப்ஷொட் என்று அந்த நேரத்து நிலைமையை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டு, வேரோடு எல்லாவற்றையும் அழிக்கிற கட்டளையை வேண்டுமென்றே கொடுத்தான். கோப்புகள் வரிவரியாகப் போக, ஐகன்கள் மறைய, கடைசியில் மெசின் பேச்சு மூச்சில்லாமல் நின்றது. ஸ்னாப்ஷொட்டுக்குத் திரும்பினான், ஒன்றும் நடக்காதது போல உபுண்டு எழும்பி வந்தது. விண்டோசையும் லினக்ஸையும் இணைக்கிற பொதுக் கோப்புறையை அவன் அதுவரை கட்டியிருக்கவில்லை. கட்டியிருந்தால் அந்த வழியாக என் கல்வெட்டுகளும் சேர்ந்து போயிருக்கும். இதை அவன் எனக்குச் சொன்னது எல்லாம் முடிந்த பிறகு.

அந்தக் கோப்புறையைக் கட்டியதும், ஒரு வாடிக்கையாளர் தந்த நன்றி நவிலலை லினக்ஸில் திறந்தோம். தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பீ, ஓ, பின்னால் ஒரு அரைப்புள்ளி. பாமினி எழுத்துரு இல்லாத இடத்தில் பாமினித் தமிழ் இப்படித்தான் தெரியும். எங்கள் மெய்யெழுத்துகளின் புள்ளியெல்லாம் அங்கே அரைப்புள்ளி. போன மனுசனின் பெயரும் பிறந்த ஊரும் தொலைந்து, பூனை விசைப்பலகையில் நடந்தது போல ஒரு பக்கம். எழுத்துருக் கோப்பைக் கொண்டுபோய் உள்ளே வைத்த பிறகுதான் ஆள் ஊருக்குத் திரும்பினார். யூனிகோட்டுக்கு மாறாத எங்கள் பழைய கோப்புகள் எல்லாவற்றுக்கும் இந்தக் கதிதான். அதற்கு லினக்ஸ் பொறுப்பில்லை.

சந்தியிலும் கொடிகாமம் வீதியிலும் கடை வைத்திருக்கிற மாமாமாருக்கும் சித்தப்பாமாருக்கும் ஒரு வேண்டுகோள். பெடியள் கேட்டால் லப்டொப்பைக் கொடுங்கள். டிஸ்கில் 25 ஜிபி இடம் வைத்துக் கொடுங்கள். பொய் டிஸ்காக இருக்கிற கோப்பு எடுக்கிற அளவுக்குத்தான் வளரும், ஆனால் வளர்ந்த பிறகு தானாகச் சுருங்காது. கொடுக்க முன்னம் கல்வெட்டுகளைப் பென் ட்ரைவில் ஏற்றிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தியேட்டி ஓடர் உள்ள கிழமையில் மட்டும் கொடுக்காதேங்கோ.