கடதாசி மாமா

அட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் எந்தத் தேத்தண்ணிக் கடைக்குள் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். மூலை மேசையில் ஒருவர் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருப்பார். மடியிலுள்ள பைல் மட்டும் இரண்டு சிலிசிலி பைகளுக்குள் சொட்டு ஈரமில்லாமல் இருக்கும். அவர்தான் கடதாசி மாமா. தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று ஊருக்கொருவர் உண்டு. பெரும்பாலும் தோட்டத்து ஆபிசில் கிளாக்கராக இருந்து ஓய்ந்தவர். வெளிநாட்டு மாப்பிள்ளை அமைந்துவிட்டால், பெண் வீட்டார் ஜோசியரைப் பார்த்த கையோடு இவரைப் பார்க்க வந்துவிடுவார்கள். செவ்வாய் தோஷத்துக்கு அங்கே பரிகாரம், பிறப்புப் பத்திர தோஷத்துக்கு இங்கே.

மாப்பிள்ளைக்கு என்ன வேலை, குடிப்பாரா என்றெல்லாம் மாமா விசாரிப்பதில்லை. "எந்த நாடு?" அவ்வளவுதான். "லண்டனா? விசா குடுத்துக் கூப்புடுவான். போய் ஆறு மாசத்துக்குள்ள கல்யாணத்த முடிச்சிரணும். கனடாக்காரன் நிச்சயம் பண்ணின புள்ளைக்குன்னு தனியா விசா குடுக்க மாட்டான். கட்டிக்கிட்டு அப்புறமா வாம்பான்." சுவிஸ் என்றால் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அங்கே கொடுக்கிற கடதாசிக்கு ஆறு மாதத்துக்கு மேல் வயதாகக் கூடாது. பெண்ணுக்கு எத்தனை வயதானாலும் பரவாயில்லை.

பெண்ணின் அம்மா தகரப் பெட்டியில் பொத்திவைத்திருந்த பிறப்புப் பத்திரத்தைப் பெருமையோடு நீட்டுவார். பளபளவென்று லெமினேட் செய்திருக்கும். மாமா நெற்றியில் அடித்துக்கொள்வார். "இது மேல எப்புடிம்மா சீல் விழும்?" ஒழுகுகிற லயத்துக் கூரையின் கீழே இருபத்தைந்து வருஷம் ஒரு காகிதத்தைக் காப்பாற்றியவரை என்ன குறை சொல்வது? புதுப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்று மாமாவே சமாதானமும் சொல்வார். ஆனால் லெமினேட் மெஷினைக் கண்டுபிடித்தவன் ஒரு நாளாவது பத்தரமுல்லையில் சீல் வாங்கும் கியூவில் நின்றிருக்க வேண்டும் என்ற ஆத்திரம் அவருக்கு என்றைக்கும் ஆறாது.

பிறகு பெயர். தமிழ்ச்செல்வி என்று அப்பா ஆசையாக வைத்த பெயரைத் தோட்டத்து டிஸ்பென்சர் ஒரு மாதிரி எழுதியிருப்பார். பதிவுப் புத்தகத்தில் சிங்களத்தில் ஏறும்போது 'ழ' இறங்கிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் 'ச்' போயிருக்கும். பாஸ்போர்ட்டில் அவள் வேறு யாரோ. இந்த நான்கு பெண்களும் ஒரே பெண்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடிப்பதில் மாமாவை மிஞ்ச ஆளில்லை.

இந்தத் திறமை நேற்று வந்ததல்ல. 1948இல் தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமை போனதும், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. எழுத்துத் தெரிந்தவர்கள் அன்றைக்குத் திண்ணை திண்ணையாக உட்கார்ந்து எழுதினார்கள், பெரும்பாலானவை தள்ளுபடியாயின. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். எந்தத் துண்டுச் சீட்டையும் எறியாதே என்ற புத்தி மாமாவின் பரம்பரைக்கு அப்போது வந்தது. அவரிடம் தாத்தாவின் கூப்பன் அட்டைகூட இருக்கிறது. கேட்காமலே காட்டுவார்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது, கல்யாணமாகவில்லை என்ற சான்றிதழ். நடந்த கல்யாணத்துக்குச் சாட்சி இருப்பார்கள், நடக்காததற்கு? கிராம சேவகரான ஜி.எஸ். எழுதி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்டு, சத்தியக்கடதாசியும் சேர்த்துப் பத்தரமுல்லையில் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து, அதே பத்தரமுல்லையில், சுஹுருபாயவில் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவு. "அவங்க எழுத்தப் பாக்க மாட்டாங்க, கையெழுத்த மட்டும்தான் பாப்பாங்க" என்று மாமா தேவரகசியம்போலச் சொல்வார். விடியற்காலை முதல் பஸ்ஸில், கித்துல்கலை வளைவுகளில் வாந்தியெடுத்தபடி வரும் பெண்ணுக்கு இது எந்த ஆறுதலும் தராது. ஒரு தடவை எல்லாம் சேர்ந்து வருவதற்குள் ஒரு பெண்ணின் சான்றிதழுக்கு ஆறு மாதம் தாண்டிவிட்டது. "நீ இன்னமும் கல்யாணமாகாத புள்ளதான். கடதாசிதான் ஒத்துக்க மாட்டேங்குது" என்று சொல்லி, மறுபடியும் ஜி.எஸ். வீட்டுக்கு நடந்தார்.

"மாப்ள இங்கயே வந்து கட்டிக்கிட்டுப் போகட்டுமே" என்றார் அந்தப் பெண்ணின் அம்மா. மாப்பிள்ளை சுவிஸ் பிரஜை. வெளிநாட்டவர் இங்கே வந்து கட்டுவதானால் அப்போது பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டியிருந்தது; 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தச் சுற்றறிக்கையை மாமா பைலிலிருந்து உருவினார். தாலியோடு வருகிற பையனால் நாட்டுக்கு என்ன ஆபத்து என்று கேட்டதற்கு, "அத அமைச்சுதான் சொல்லணும்" என்றார்.

அதற்குள் அவர் கண் பெண்ணின் பிறப்புப் பத்திரத்தில் வேறொரு கட்டத்தில் நின்றுவிட்டது. பெற்றோர் விவாகமானவர்களா? 'இல்லை.' மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, லயமே திரண்டு சாப்பிட்ட கல்யாணம்தான். ரெஜிஸ்டர் பண்ணத்தான் யாருக்கும் தோன்றவில்லை; அன்றைக்கு வேலைக்குப் பேர் போட்டிருந்தார்கள், கொழுந்து மலையில் நின்றது.

"அண்ணே, புள்ள கல்யாணத்துக்கு முன்ன ஒங்க கல்யாணத்த முடிச்சிருவோம்" என்றார் மாமா.

அப்பா தேத்தண்ணியைக் கீழே வைத்தார். "இந்த வயசுலயா?"

"வயசு வரம்பு பதினெட்டுக்குக் கீழதான்ணே. மேல எவ்வளவு வேணும்னாலும் போகலாம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மொதல்ல இந்தாளு எனக்கு வேணுமான்னு கேளுங்க" என்றார். அறிவித்தல் கொடுத்து, அட்டனில் கையெழுத்தும் வைத்தார்கள். மகள் மாலை வாங்கிப் போட்டாள். அன்றைக்கும் அப்பா அரைப்பேர்தான் லீவு போட்டார்.

எல்லாம் சுவிஸுக்குப் போய்ச் சேர்ந்தபின் ஒரு கேள்வி திரும்பி வந்தது: மகள் பிறந்து இருபத்தாறு வருஷம் கழித்துப் பெற்றோர் மணம் முடித்திருக்கிறார்களே, விளக்கம் தேவை. அம்மா கலங்கிப்போய் ஓடிவந்தார். மாமாவோ, பரீட்சையில் படித்த கேள்வியே வந்த பையனைப்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதத்தான் கேப்பான்னு எனக்குத் தெரியும்" என்று சிலிசிலி பையின் முடிச்சை அவிழ்த்தார். "இன்னொரு பிளேன்டீ சொல்லுங்க தங்கச்சி. ஒங்க கல்யாணத்துல சோறு சாப்பிட்ட ஆளு யாராச்சும் ரெண்டு பேரு உசுரோட இருக்காங்களா?"