அதிசயத்துக்கு ஒரு பட்ஜெட்

கேள்வி: குழந்தைகள் கேளிக்கைப் பூங்காவுக்குப் போக வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். குடும்ப வரவு செலவு குலையாமல் அழைத்துப் போவது எப்படி? – ஒரு வாசகி, காந்திகிராமம்

பதில்: 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் எளிமையையே ஆஸ்தியாகக் கொண்டு நிறுவிய ஸ்தலத்தில் வசிக்கும் தங்களுக்குச் சிக்கனத்தை உபதேசிப்பது, சின்னாளபட்டிக்குச் சேலை அனுப்புவது போலாகும். சென்னைக்கோ மேட்டுப்பாளையத்துப் பக்கம் பிளாக் தண்டர் பூங்காவுக்கோ போனால் பிரயாணமும் இராத்தங்கலுமே பணத்தில் பெரும்பங்கைக் கேட்கும். மதுரைக்குச் சற்று முன்பாகப் பரவையில் உள்ள ‘அதிசயம்’ பூங்காவோ, காலையில் புறப்பட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய தூரந்தான்.

1955-இல் கலிபோர்னியாவில் திறந்த டிஸ்னிலாந்தில் ஆதியில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச் சீட்டு. இன்றோ பெரும்பாலான பூங்காக்களில் நுழைவுக் கட்டணத்திலேயே யாவும் அடக்கமாகையால், பர்ஸைக் கரைப்பது ராட்டினமன்று, ஜலக்கிரீடைக்குப் பிறகு வரும் பசியே. உணவுக்கென்று தாராளமாக ஒதுக்குங்கள். சிறுவர் சலுகை பல பூங்காக்களில் வயதையன்றி உயரத்தைப் பார்த்தே கிடைப்பதால், புறப்படுமுன் குழந்தைகளைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். ஜலக்கிரீடைக்கு வேண்டிய நைலான் உடையை வீட்டிலிருந்தே எடுத்துப்போனால் வாடகை மிச்சம். ராட்டினம் ஏறாத பாட்டிக்கும் அநேகமாகச் சீட்டு வாங்க வேண்டியிருக்கும். அந்த ஒரு செலவில் மட்டும் கை சுருக்காதீர்கள், பாட்டியையும் அவசியம் அழைத்துச் செல்லுங்கள்.